வாசலில் ஒரு பிடி மாவு

ஐயையோ, உன் மேல கொட்டிடுச்சா தாயி? பையில ஓட்டை இருக்குன்னு ஏறும்போதே பாத்தேன், முடிச்சுப் போட மறந்துட்டேன். கருப்புச் சுடிதாருல போயி விழுந்திருக்கு பாரு. தட்டி விடு, போயிடும். வெறும் பச்சரிசி மாவுதான், கறை புடிக்காது. ஊற வெச்சு, நெழல்ல உலத்தி, மில்லுல குடுத்து அரைச்சது.

பலகாரத்துக்கு இல்ல, கோலத்துக்கு. சிரிக்காதே. எங்க ஊர்லயும் மில்லு இருக்கு, இல்லாம இல்ல. அவன் மொளகா அரைச்ச மிஷின்லயே அரிசியையும் தள்ளுவான். கேட்டா, "கோலத்துக்குத்தானே அக்கா, காரமா இருந்தா வாசலுக்கு எரியவா போவுது"ன்னு நக்கல் வேற. அவன்கிட்ட என்னத்தச் சொல்றது? அதான் தஞ்சாவூர்ல மக வீட்டுக்கு வரும்போதெல்லாம் இங்கயே அரைச்சுத் தூக்கிட்டுப் போயிடுறது. நீ பட்டுக்கோட்டையா? நான் அதுக்கு முன்னாடியே, பாப்பாநாட்டுல எறங்கிடுவேன். பையை உன் காலுக்கிட்ட நிறுத்திக்கிறேன், கொஞ்சம் புடிச்சுக்க.

நான் வெளிநாட்டுல வேலை பாத்தவ. ஆமா, நானேதான். இந்தச் சேலையையும் செருப்பையும் பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க. ஏஜெண்டு துபாய்னுதான் சொன்னான். ஏறி எறங்குனா வேற எங்கயோ. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன், கேக்காதே. பெரிய பழைய ஊரு. சுத்திக் கல்லுக் கோட்டைச் செவுரு, உள்ள சந்து சந்தா வீடு, நடுவுல நீலக் கலர்ல ஒரு கோபுரம். இப்ப அந்தப் பேரு இருக்கு, ஊரு இல்ல.

நான் இருந்தது பேக்கரி வெச்சிருந்தவரு வீடு. அவரை பாபான்னு கூப்புடணும். வீட்டம்மாவை மாமான்னு கூப்புடணுமாம்! நம்ம ஊர்ல மாமான்னா மீசை வெச்சிருக்கும். முதல் வாரம் பூரா வாயைத் தொறந்தாலே சிரிப்பு. அப்பறம் மேடம்னே கூப்புட்டேன். அவங்களும் போனாப் போவுதுன்னு விட்டுட்டாங்க. நல்ல மனுசி. ஒரு பொண்ணு, ரீமான்னு பேரு. நான் போனப்ப தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. என் இடுப்புலயே வளந்துச்சு. "பவுனு, தண்ணி", "பவுனு, தூக்கு"ன்னு எங்கிட்ட மட்டும் தமிழ்தான் பேசும். என் பேரு பவுனம்மா. அந்தப் புள்ளை வாயில அது பவுனு.

போன மறுநாளே வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். அங்க சந்து பூரா கருங்கல்லு. அதுல வெள்ளைக் கோலம் விழுந்தா எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாரு. மேடம் வந்து பாத்துட்டு, "இது என்ன, பூவா?"ன்னு கேட்டாங்க. பூதான்னேன். ரீமா வளந்தப்பறம் அதுக்குப் புள்ளி வெக்கக் கத்துக் குடுத்தேன். நாக்கைத் துருத்திக்கிட்டு வெக்கும். நேராவே வராது.

எதுத்த வீட்டுல ஒருத்தி இருந்தா. உம்மு சாலிஹ். அங்க பொம்பளையைப் பேரு சொல்லிக் கூப்புடுறதில்ல, மூத்த மவன் பேரை வெச்சு சாலிஹோட அம்மான்னு சொல்லுறது. சாலிஹ் ஒரு பையன், அவனுக்குக் கீழ ஒரு சின்னப் பொண்ணு. புருசன் முன்னாடியே வேற எங்கயோ சண்டைக்குப் போயி திரும்பல. அவ என் கோலத்தைப் பாத்துட்டு, இது சூனியமான்னு மேடத்துக்கிட்ட கேட்டாளாம். எனக்கு வந்துச்சு பாரு கோவம்! அன்னிக்கே எனக்கும் அவளுக்கும் ஆவல. நான் ஏன் இதைச் சொல்றேன்னா, அவ எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியணும். முன்னாடியே அவளுக்கு எங்க வாசல் மேல ஒரு கண்ணு.

அப்பறம்தான் சண்டை வந்துச்சு. மதச் சண்டை. ஒரே மதம், ஒரே சாமி, அதுக்குள்ள ரெண்டு பிரிவு. கோட்டைக்குள்ள ஒரு பிரிவு துப்பாக்கியோட உக்காந்துக்கிட்டாங்க. வெளிய இன்னொரு பிரிவு வந்து சுத்தி வளைச்சுக்கிட்டாங்க. எனக்குக் கடைசி வரைக்கும் வித்தியாசம் புரியல. குண்டு போடுறதுக்கு முன்னாடி வெளியில மைக்குல சாமி பேரைச் சொல்லுவாங்க. விழுந்தப்பறம் உள்ள இருந்து அதே பேரைச் சொல்லி அழுவாங்க. இப்பவும் எங்க ஊரு மாரியம்மன் கோயில்ல மைக் செட்டு கொர்ருன்னு தொறந்தா, நான் ஓடிப்போயி அடுப்படிச் செவுத்தோட ஒட்டிக்குவேன். பேரப் புள்ளைங்க சிரிக்கும். சிரிச்சுட்டுப் போவட்டும்.

ரோட்டை அடைச்சுட்டாங்க. வெளியில இருந்து ஒண்ணும் வரல. கடை எல்லாம் காலி. உள்ள இருந்த துப்பாக்கிக்காரங்க, யாரு வீட்டுல மாவு இருந்தாலும் கொண்டாந்து ஒப்படைச்சுடணும், ஒளிச்சு வெக்கிறவன் மதத்துக்கே எதிரின்னு தெருத் தெருவா சொல்லிட்டுப் போனாங்க. பாபா என்ன பண்ணுனாரு தெரியுமா? பேக்கரியில மிச்சம் இருந்த மூட்டையை எல்லாம் மாடிப்படிக்கு அடியில அடுக்கி, குறுக்க செங்கல்லு வெச்சுப் பூசிட்டாரு. ஒரு ஆளு கை நொழையுற மாதிரி ஓட்டை. அதுக்கு முன்னாடி ஒரு பானை. அவ்வளவுதான். எங்க நாலு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

ரொட்டி சுட்டா வாசனை சந்து பூரா போவும். அதனால கஞ்சிதான். மாவைத் தண்ணியில கரைச்சு, துணி போட்டு மூடிக் காய்ச்சி, ஆளுக்கு ஒரு கிண்ணம். ரீமா "பவுனு, ரொட்டி"ன்னு அழுவும். வாயைப் பொத்துவேன். ஜன்னல்ல கம்பளி தொங்கவிட்டு, கிண்ணத்தைக் கழுவுன தண்ணியைக் கூட வெளியில ஊத்த மாட்டேன், நானே குடிச்சிடுவேன். அப்படிக் காப்பாத்துனேன் அந்த ரகசியத்தை. எனக்குச் சோறு போட்ட வீடு. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய போயிருக்குமா? போவாது.

கோலமா? போட்டேன். தெனமும் போட்டேன். ஏன் நிறுத்தணும்? நீயும் நம்ம ஊரு பொண்ணுதானே, உனக்குத் தெரியாதா? கோலம் இல்லாத வாசல்னா அது எழவு வீடு. சந்துல முக்காவாசி வீட்டுல எழவு விழுந்துக்கிட்டு இருக்கு. எங்க வீட்டுல ஒரு புள்ளை உசிரோட இருக்கு. அந்த வாசலை வெறும் வாசலா விடுவேனா நான்? விட மாட்டேன். ஊர்ல இருந்து கொண்டுபோன பொடி தீந்து ரொம்ப நாளாச்சு. அதனால கோதுமை மாவு, ஒரு பிடி. ஒரே ஒரு பிடி. என் பங்குக் கஞ்சியில அதைக் கொறைச்சுக்குவேன். மேடத்துக்குத் தெரியாது. அவங்க வாசப்பக்கமே வர்றதில்ல. வெளுக்குறப்ப சத்தம் கொஞ்சம் ஓஞ்சிருக்கும். அப்ப நான்தான் சந்துக் கோடியில கெணத்துக்குப் போவேன். போவும்போது போட்டுட்டுப் போயிடுவேன்.

தண்ணி எடுத்துக்கிட்டு வந்து பாத்தா கோலம் இருக்காது. ஒரு நாளு இல்ல, தெனமும். காத்துல கலைஞ்ச மாதிரி இல்ல. துடைச்சு எடுத்த மாதிரி, கல்லு ஈரமா இருக்கும். எனக்கு வயித்தெரிச்சல். அவதான்னு நெனைச்சேன். சூனியம்னு சொன்னவ, தண்ணியைத் தெளிச்சு அழிக்கிறான்னு நெனைச்சேன். கையும் களவுமா புடிக்கணும்னு, ஒரு நாளு கெணத்துக்குப் போற மாதிரி போயி, பாதியில திரும்பி ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னேன்.

எதுத்த வீட்டுக் கதவு தொறந்துச்சு. சாலிஹும் அந்தச் சின்னப் பொண்ணும் வந்துச்சுங்க. மண்டி போட்டு உக்காந்துச்சுங்க. விரலால வழிச்சு வழிச்சு வாயில வெச்சுச்சுங்க. சின்னது குனிஞ்சு கல்லை நக்குச்சு. அவ கதவுகிட்ட நின்னு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு நின்னா.

நான் என்ன பண்ணுவேன் தாயி? நீயே சொல்லு. கூப்புட்டுக் குடுக்க முடியுமா? குடுத்தா மாவு எங்க இருந்துன்னு தெரிஞ்சு போவும். "ச்சூ"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். அவ புள்ளைங்களை இழுத்துக்கிட்டு உள்ள ஓடிட்டா. மறுநாளு கொஞ்சம் கெட்டியா போட்டேன். இழையைப் பெருக்கி, நடுவுல தாமரை வெச்சு, இதழை எல்லாம் மாவாலயே ரொப்பி. அதுக்கு மறுநாளும். நல்லா இருக்கட்டும்னுதான். அழகுக்குத்தான். மூணு பிடி ஆச்சு, நாலு பிடி ஆச்சு. கெணத்துக்குப் போயிட்டு மெதுவாத்தான் திரும்புவேன்.

அப்பறம்தான் வந்தாங்க. துப்பாக்கிக்காரங்க ஆறேழு பேரு. நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. பக்கத்து வீட்டைப் பாக்கல, எதுத்த வீட்டைப் பாக்கல. உள்ள வந்து தரையைத் தட்டுனாங்க, செவுத்தைத் தட்டுனாங்க. படிக்கு அடியில தட்டுனப்ப சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. ஒடைச்சாங்க. மூட்டையைத் தூக்கிட்டாங்க. பாபாவையும் கூட்டிட்டுப் போனாங்க. செருப்பு கூடப் போட விடல. அவரு திரும்பி வரல.

இப்பச் சொல்லு, யாரு காட்டிக் குடுத்தது? அவதான். அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? மாவு இருக்குன்னு தெரிஞ்ச ஒரே வெளியாளு அவதானே. புருசன் அந்தப் பிரிவுக்காரன், துப்பாக்கிக்காரங்களுக்கு அவ ஒறவு. எனக்கு நூத்துக்கு நூறு தெரியும்.

என்னது? வேற யாரும் கோலத்தைப் பாக்கலையாவா? பாத்திருப்பாங்க. சந்துன்னா நாலு பேரு நடப்பான். துப்பாக்கிக்காரப் பையன் ஒருத்தன் பாத்தான், அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நாளு. எம் மவன் வயசுதான் இருக்கும், மீசை கூட சரியா மொளைக்கல. நான் கோலத்தைப் போட்டுட்டுக் கொடம் எடுக்க உள்ள வந்து, கதவு இடுக்கு வழியா பாத்துக்கிட்டு இருந்தேன். சந்துல வந்தவன் நின்னான். குனிஞ்சான். தாமரை இதழ்ல விரலை வெச்சு எடுத்து நாக்குல வெச்சான். அப்பறம் எங்க கதவை நிமிந்து பாத்தான். அழகா இருக்குன்னு பாத்திருப்பான். எம் மவன் மாதிரியே காது ரெண்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். அவன் என்ன செய்வான் பாவம், சின்னப் பையன். அவன் இல்ல. அவதான்.

கேளு, இன்னும் இருக்கு. மாவு போனப்பறம் வீட்டுல ஒண்ணும் இல்ல. சுடுதண்ணியில உப்புப் போட்டுக் குடுத்தேன் ரீமாவுக்கு. தோல் பையை ஊற வெச்சுக் கொதிக்க வெச்சேன், சொன்னா நம்புவியா? புள்ளை அழுவுறதைக் கூட நிறுத்திடுச்சு. மடியில படுத்துக்கிட்டு விரலால தரையில புள்ளி வெச்சுக்கிட்டே இருக்கும். அப்பத்தான் கதவைத் தட்டுற சத்தம். தொறந்தா அவ நிக்கிறா. உம்மு சாலிஹ். முக்காட்டுக்குள்ள ஒரு தகர டப்பாவை மறைச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கா. மூடியைத் தொறந்து காட்டுறா. மாவு! சாம்பல் நெறத்துல, மண்ணும் நூலும் முடியும் கலந்த மாவு. என் கோலம் அது. புள்ளைங்க தின்னது போவ அவ தெனமும் கொஞ்சம் வழிச்சுச் சேத்து வெச்சிருக்கா. "ரீமா, ரீமா"ன்னு சொல்லி என் கையில வெச்சு அமுத்துறா.

உனக்கு எப்படி இருக்கும் அந்த எடத்துல? வீட்டையே காட்டிக் குடுத்துட்டு, எங்க மாவையே எடுத்துக்கிட்டு வந்து, பாவம் பாக்குறா! எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. தட்டி விட்டேன். ஓங்கித் தட்டி விட்டேன். டப்பா உருண்டு சந்துல போயி விழுந்துச்சு, மாவு காத்துல போச்சு. அவ உக்காந்து கையால கூட்டி அள்ளப் பாத்தா. நான் கதவைச் சாத்திட்டேன். உள்ள இருந்து மேடம், "யாரு பவுனு?"ன்னு கேட்டாங்க. யாருமில்லன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற?

அந்த வாரமே ரீமா போயிடுச்சு.

தண்ணி இருக்கா தாயி? குடு. ம்... போதும்.

ஆம்பளை யாரும் இல்ல. கோட்டைக்கு வெளியதான் இடுகாடு, போவ முடியாது. மேடமும் நானும் முத்தத்துல கல்லைப் பேத்துட்டுத் தோண்டுனோம். மறுநாளு விடிஞ்சப்ப நான் கோலம் போடல. போடக் கூடாதுல்ல. மாவு போன நாள்லருந்தே வாசல் வெறுமனேதான் கெடந்துச்சு. வாசக்கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாலிஹ் வெளிய வந்துச்சு. வெறும் வாசலைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு, பின்னாடி முத்தத்துல மண்ணு மேட்டைப் பாத்துச்சு. உள்ள ஓடிப்போயி அவங்கம்மாகிட்ட ஏதோ சொல்லுச்சு. அவ அழுத சத்தம் சந்து பூரா கேட்டுச்சு. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. நடிப்பு! என்ன நடிப்புங்கிற.

அதுக்கப்பறம் ஊரு ரொம்ப நாளு தாங்கல. வெளிய இருந்தவங்க செவுத்தை ஒடைச்சுட்டாங்க. கடைசி குண்டு எல்லாம் ராவு பகல்னு இல்லாம விழுந்துச்சு. நீலக் கோபுரம் கடைத்தெரு மேலயே சாஞ்சிடுச்சு. நான் கெணத்தடியில இருந்தப்ப எங்க சந்துல விழுந்துச்சு. கொடத்தைப் போட்டுட்டு ஓடியாந்தேன். வீடு இல்ல. மேடம் உள்ள. கையால பேத்துப் பாத்தேன், நகமெல்லாம் பிஞ்சு போச்சு, அவங்க குரல் கூட வரல. வாசப்படிக் கல்லு மட்டும் அப்படியே இருந்துச்சு, ஒரு கீறல் இல்லாம. எதுத்த வீடும் இல்ல. அவ வீடு. அதுக்குள்ள அவங்க இருந்தாங்களா, முன்னாடியே ஓடிட்டாங்களா, எனக்குத் தெரியாது. நான் போயிப் பாக்கல. கூப்புட்டும் பாக்கல. என்னைத் துப்பாக்கிக்காரங்க, ஜெயிச்ச பக்கத்துத் துப்பாக்கிக்காரங்க, வெளிநாட்டுக்காரின்னு ஒரு பஸ்ல ஏத்தி விட்டுட்டாங்க. கோட்டை வாசல்ல அவங்க எல்லாரும் சாமிக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

இந்தக் கதையை எம் மருமகளும் ஒரு நாளு பூராவும் கேட்டா. கேட்டுட்டு, நீ இப்பப் பாக்குற மாதிரியே பாத்தா. "ஏன் அத்தை, அந்தம்மா சொல்லியிருந்தா அவங்க புள்ளைங்களுக்கு அந்தக் கோலமும் கெடைக்காமப் போயிடுமே"ன்னா. அதுலருந்து நான் அவகூடப் பேசுறதில்ல. நாலெழுத்து படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? அவ அங்க இருந்தாளா? நான் இருந்தேன்.

எங்க வீட்டு வாசல்ல இப்ப வந்து பாரு. கல்லுப் பொடி, கலர்ப் பொடி ஒண்ணும் கெடையாது. சுத்தமான பச்சரிசி மாவு, காரம் கலக்காதது. இழையைக் கெட்டியா விட்டு, தாமரையை ரொப்பிப் போடுவேன். தெருவுல சிரிப்பாங்க, ஒரு படி மாவை வாசல்ல கொட்டுறா பாருன்னு. போட்டுட்டுக் கொடத்தை எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்குப் போற மாதிரி போவேன். பாதியில திரும்பி, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி நின்னு பாப்பேன். எறும்பு வரும். குருவி வரும். வெயிலு ஏறுற வரைக்கும் நிப்பேன். வேற யாரும் வர்றதில்ல.

பாப்பாநாடு வந்துடுச்சு. கண்டக்டரு தம்பி, எறங்கணும்பா, வயசானவ, கொஞ்சம் நிறுத்திப் போ.

அவ உசிரோட இருந்தா ஒரே ஒரு தடவை பாக்கணும் தாயி. சண்டை போட இல்ல. நீதானே சொன்னேன்னு கேக்கணும். ஆமான்னு அவ ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிடுவா, இல்ல? இல்லன்னு மட்டும் அவ சொல்லிடக் கூடாது. அவ இல்லன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?

பையை எடுத்துக் குடு. அடியில கை குடுத்துப் புடி, அப்படித்தான். ஐயோ, மறுபடியும் உன் மேல கொட்டுது பாரு. இரு, இரு, கையை எடு. தட்டி விடாதே தாயி. அப்படியே இருக்கட்டும், தட்டி விடாதே.